வண்டி மாறியவர்கள்

ஒரே கம்பனியில் 30 வருடம் கணக்கு எழுதியவர் என்று எம்மைப் பிறருக்கு அறிமுகஞ் செய்யும்போதெல்லாம், செய்பவரின் குரலில் ஒரு மரியாதை தொனிக்கும். நாமும் அதைக் கேட்டுச் சிறிது நிமிர்ந்து உட்காருவது வழக்கம். அந்த நிமிர்வு எவ்வளவு தூரம் நியாயமானது என்ற ஐயம் எம்முள் முதன்முதலாக எழுந்தது, 76 ஆவது வயதில், சுவிற்சர்லாந்து தேசத்து மலைச்சரிவொன்றில், மருமகனுடைய கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டு சைக்கிள் பந்தயம் பார்த்து நின்றபோதாகும்.

சைக்கிளை நாம் அறியாதவர் அல்லோம். 1961 இல் எம் தந்தையார் வாங்கித்தந்த றலி வண்டியிலேயே சாவகச்சேரி வீதிகளை அளந்து வளர்ந்தவர். ஆயினும், மலையுச்சியிலிருந்து காட்டினூடே, வேரும் பாறையும் நிறைந்த தடத்தில், விழுந்தால் எலும்பு முறியும் என்ற வேகத்தில் சைக்கிளில் இறங்குவதை ஒருவர் சீவனோபாயமாகக் கொள்ளக்கூடும் என்பது எமக்கு எட்டாத சங்கதியாகவே இருந்தது. அதை எட்டச் செய்தவன் எம் மகளின் மகன். அப்பொழுது அவனுக்கு வயது 15.

2023 ஆம் ஆண்டு யூன் மாதம் சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள மகளின் வீட்டில் தங்கியிருந்தோம். பேரனுடைய அறையையே எமக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு வீரரின் படம் ஒட்டப்பட்டிருந்தது. சேறு தெறித்த முகக்கவசத்தோடு, வண்டியும் தாமுமாக அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தார். விடியற்காலையில் கண் விழித்ததும் முதலில் தெரிவது அவர் என்பதால், சில நாள்களில் அவரோடு ஒருவிதப் பரிச்சயமே உண்டாகிவிட்டது. அவர்தாம் தென்னாபிரிக்கரான கிரெக் மினார் என்பவர்.

"இவர் 2008 இலிருந்து சாந்தா குரூஸ் என்ற ஒரே கம்பனியின் வண்டியில்தான் ஓடுகிறார், அம்மப்பா. 16 வருடம். உங்களைப்போல" என்றான் பேரன்.

அந்தக் கணமே மினார் எம்மவர் ஆகிவிட்டார்.

இங்கே வீட்டு விடயம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. எம் மருமகன் 19 வருடமாக அவ்வூர் உணவகமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்துவந்தார். அவர் 2004 இல் அகதி விண்ணப்பக் கடிதமும் கையுமாக, ஒரு சொல் ஜேர்மன் மொழியும் சரிவரத் தெரியாது, வாசல் வாசலாக வேலை கேட்டு அலைந்த காலத்தில், அவ்வுணவகத்தின் சொந்தக்காரரான பெரியவர் ஒருவரே உள்ளே அழைத்து, ஒரு கோப்பை சூப் கொடுத்து, மறுநாள் வரச் சொன்னவர். இப்பொழுது ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் மருமகனுக்கு வேலை கிடைக்கும் நிலை. சம்பளம் பெரிதாக உயராது. ஆனால் மாலையில் வீடு திரும்பலாம். சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் ஓய்வு உண்டு.

"அப்பா, நீங்கள் ஒரு சொல் சொன்னால் இவர் கேட்பார். பிள்ளையின் பாடசாலை விழா ஒன்றுக்குக்கூட இவர் இதுவரை வந்ததில்லை" என்று மகள் எம்மிடம் இரகசியமாகக் கூறினாள்.

நாம் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அது மகள் விரும்பும் பதிலாக இருந்திராது.

அதற்குக் காரணம் உண்டு. நாம் 1968 இல் கொழும்பில் வியாபார நிலையமொன்றில் கணக்கெழுதச் சேர்ந்தோம். 1983 ஆடிக் கலவரத்தின்போது எம்மையும் மனைவி மக்களையும் தமது வீட்டு மேல்மாடியில் நான்கு நாள் ஒளித்துவைத்துச் சோறு போட்டவர் அந்த நிலையத்தின் முதலாளி. இரண்டு வருடங் கழித்து வேறொரு கம்பனி எம்மை ஏறக்குறைய இரட்டிப்புச் சம்பளத்துக்கு அழைத்தது. அழைப்புக் கடிதத்தை மனைவிக்கும் காட்டாமல் கிழித்துப்போட்டோம். செஞ்சோற்றுக் கடன் என்ற ஒன்று இருக்கிறதல்லவா? பிற்பாடு முதலாளி காலமானார். மக்கள் வியாபாரத்தை 1998 இல் கைமாற்றினர். புதிதாக வந்தவர் எம் மேசைக்கருகே வந்து நின்று, "உமது பெயர் என்ன?" என்று கேட்டார். ஐந்தாம் மாதம் நாம் வீட்டிலிருந்தோம்.

இந்தக் கடைசிப் பகுதியை நாம் எவருக்கும் விரித்துச் சொன்னதில்லை. 30 வருடம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

பந்தயத்துக்கு வருவோம். அவ்வருடத்து உலகக் கிண்ணத் தொடரின் முதற்பந்தயம் கிறவுபுண்டன் மாகாணத்தில் லென்ஸர்ஹைடே என்னும் மலையூரில் நடைபெற்றது. சூரிச்சிலிருந்து கூர் என்ற பழைய நகரம் வரை புகையிரதம். அங்கிருந்து தபால் இலாகாவின் மஞ்சள் நிற பஸ் வளைந்து வளைந்து மேலே ஏற்றிச் செல்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரம். அந்தப் பிரயாணத்தில், செங்குத்தான பள்ளங்களைப் பார்க்கத் துணிவின்றிப் பேரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எமக்கு, அவன் இந்தத் தொழிலின் உள்விவரங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

வீரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. மேலிருந்து ஒருவர்பின் ஒருவராக விடுவார்கள். கடிகாரந்தான் எதிரி. மூன்று நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பல சமயம் ஒரு செக்கனின் சிறு பின்னமே. அவர்களுடைய வண்டியும் நாம் அறிந்த வண்டியன்று. முன் போக்கும் பின்சில்லும் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் வரை அமிழ்ந்து எழும்பும். ஹாண்டிலின் அகலம் 800 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மட்கார்ட்டும் கரியரும் எங்கே என்று கேட்டோம், பேரன் சிரித்தான்.

இவ்வண்டிகளைச் செய்யும் கம்பனிகளே வீரர்களுக்குச் சம்பளமும் வண்டியும் பிரயாணச் செலவும் அளிக்கின்றன. இதைத்தான் அநுசரணை என்கிறோம். வீரர் வென்றால் அந்த வண்டி கடையில் விற்கும். ஒப்பந்தங்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு எழுதப்படும். பெரும்பாலும் டிசெம்பர் 31 ஆந் திகதியோடு முடியும். ஆகவே தை பிறக்கும் வேளையில் இவ்வுலகில் ஓர் இடமாற்றப் பருவம் வருகிறது. நேற்றுவரை ஒரு கம்பனியின் நிறத்தை உடுத்தி, இதுபோல் வண்டி உலகில் இல்லை என்று சொன்னவர், இன்று வேறு நிறம் உடுத்தி, வேறு வண்டியைத் தழுவிக்கொண்டு படத்தில் நிற்பார். பழைய ஒப்பந்தம் முடியுமுன் புதிய வண்டியை ஓட்டிப் பழக நேர்ந்தால், பெயரை நாடா ஒட்டி மறைத்துக்கொள்வதும் உண்டாம்.

"வெட்கமில்லையா?" என்று கேட்டுவிட்டோம்.

பேரன் சற்று யோசித்தான். "சுலபமில்லை, அம்மப்பா" என்றான். நாம் கேட்டதற்கு அது பதிலன்று. ஆனால் அதன் பொருள் போகப்போக எமக்கு விளங்கியது.

சைக்கிள் என்பது உடம்புக்குப் பழகிப்போகும் ஒரு பொருள். எமது றலி வண்டியின் பிறேக்கை எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை எம் விரல்களே அறிந்திருந்தன. ஒருமுறை அயலவர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கிச் சென்று, அதே பழக்கத்தில் பிடித்து, அது நில்லாமற் போய், அவருடைய வண்டியோடு அவருடைய வேலிக்குள்ளேயே விழுந்தோம். அது சமதரை, வேகமும் கழுதை வேகம். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் மரங்களுக்கிடையே பாய்பவருக்கு, சில்லுகளுக்கிடையேயுள்ள நீளம் இரண்டு விரற்கடை கூடினாலும், முன் போக்கின் சரிவு ஒரு பாகை மாறினாலும், எத்தனை வருடப் பழக்கம் பிழைத்துப்போகும்! புதிய வண்டியை உடம்பு நம்பும்வரை அவர் எண்ணி எண்ணி ஓட்டவேண்டும். எண்ணுகிறவர் பிந்திவிடுவார்.

அமெரிக்கரான ஆரன் குவின் என்பவரின் கதையைப் பேரன் சொன்னான். 2011 இலும் 2012 இலும் ட்ரெக் வண்டியில் ஓடி உலகக் கிண்ணத் தொடரின் மொத்தப் பட்டத்தை வென்றவர். 2013 இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனிக்கு மாறினார். அவ்வருடம் ஓர் உலகக் கிண்ணப் பந்தயத்திலும் அவர் முதலாவதாக வரவில்லை. மனிதருடைய திறமை ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடுமா? விடாது. 2015 இல் அதே கம்பனியின் வண்டியில் மறுபடியும் பட்டம் அவருக்கே கிடைத்தது. அவ்வருடம் ஒஸ்திரியாவில் லியோகாங் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தில், புறப்பட்ட மாத்திரத்திலேயே செயின் அறுந்துபோயிற்று. மிதிப்பதற்கு வழியில்லை. வளைவுகளில் வேகத்தைச் சிந்தவிடாமல், மேட்டிலும் பள்ளத்திலும் உடம்பை அழுத்தியும் எழுப்பியுமே இறங்கி, அந்தப் பந்தயத்தை வென்றார்!

"அப்படியானால் அந்த வெற்றி வண்டியினுடையதா, ஆளினுடையதா?" என்று பேரன் கேட்டான். கணக்குப் பிள்ளையான எமக்கே எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் குவின் மீண்டும் மாறினார். இம்முறை ஜேர்மனியின் வை.ரி. என்ற இளைய கம்பனி. 2016 இல் தொடரின் முதற்பந்தயம், மாதா கோவிலால் நம்மவருக்குப் பழகிய பிரான்ஸ் தேசத்து லூர்து நகரில் நடந்தது. புதிய வண்டியின் முதல் ஓட்டத்திலேயே வென்றார்; 2016, 2017 இரு வருடமும் பட்டமும் வென்றார். 2019 இல் இன்டென்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனிக்குச் சென்றபின் உலகக் கிண்ண வெற்றி அவருக்கு மறுபடி கிட்டவில்லை. மாறுகிறவர் எல்லாம் வாழ்ந்துவிடுகிறார் என்பதற்கில்லை. இதையும் பேரன் ஒளிக்காமற் சொன்னான்.

"உங்கள் மினார் மாத்திரம் நிலைத்து நிற்கிறார்" என்றோம், ஒரு பெருமிதத்தோடு.

அப்பொழுதுதான் அவன் மினாரின் முற்கதையைச் சொன்னான். சாந்தா குரூஸுக்கு முன் அவர் ஹொண்டா கம்பனிக்காக ஓடியவர். மோட்டார் வண்டி செய்யும் அதே ஹொண்டாதான். சங்கிலிப் பற்சில்லுகளை எல்லாம் பெட்டிபோன்ற ஓர் உறுப்புக்குள் அடக்கி, வேறெவரிடமும் இல்லாத ஒரு சைக்கிளை அவர்கள் செய்திருந்தனர். அதில் ஓடி மினார் 2005 இல் தொடர்ப் பட்டத்தை வென்றார். அந்த வண்டி கடைகளில் ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை. 2007 முடிவில் கம்பனி பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. பட்டம் வென்று கொடுத்தவரும் வேறிடம் தேடவேண்டியதாயிற்று. தேடிப் போனவர், 2008 இல், புதிய வண்டியில், முதல் வருடத்திலேயே மீண்டும் பட்டத்தை எடுத்தார்.

எமது 1998 ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது. பஸ் அந்நேரம் ஒரு வளைவில் திரும்பியதால், நாம் முகத்தை ஜன்னற் பக்கம் திருப்பியதைப் பேரன் வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, "பயப்படாதீர்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

லென்ஸர்ஹைடேயில் அன்று திரண்ட சனக்கூட்டத்தை எங்களூர்த் தேர்த்திருவிழாவோடுதான் ஒப்பிடலாம். கையில் மாட்டு மணிகள். ஒவ்வொரு வீரரும் மேலே காட்டுக்குள்ளிருந்து வெளிப்படும்போது நூற்றுக்கணக்கான மணிகள் ஒன்றாய் ஒலிக்கின்றன. ஒலிபெருக்கியில் ஒருவர் ஜேர்மன் மொழியில் முழங்குகிறார். எமக்கு விளங்கியது வீரர்களின் பெயர்கள் மாத்திரமே. நாம் நின்ற இடம் ஊசியிலை மரங்கள் முடிந்து வெளி தொடங்கும் ஒரு சரிவு. புழுதி எழும்பும், ஒரு நிறம் கண்ணிற் படும், சில்லுகள் கல்லில் அடிபடும் ஓசை நெஞ்சுக்குள் கேட்கும், ஆள் போய்விட்டிருப்பார். ஒருவர் எம் கண்முன்னே வேரொன்றில் சறுக்கி விழுந்து, எழுந்து, வளைந்த ஹாண்டிலை முழங்காலால் நிமிர்த்திக்கொண்டு மீண்டும் இறங்கினார்.

பெண்களின் பந்தயத்தில் பேரன் எமது சட்டையைப் பிடித்து இழுத்து, "இப்பொழுது வருகிறவரைப் பாருங்கள்" என்றான்.

அவர் ரேச்சல் அதர்ட்டன். பிரித்தானியர். அவரும் டான், ஜீ என்ற இரு தமையன்மாரும் ஒரே குடும்பமாய் ஒரே குழுவில் ஓடியவர்கள். கம்பனி மாறும்போதும் மூவரும் சேர்ந்தே மாறினர். கொமன்சால் வண்டியில் 2008 இல் ரேச்சல் உலக சம்பியன். 2012 இல் ஜி.ரி. கம்பனிக்குப் போனார்கள், அவ்வருடமே தொடர்ப் பட்டம். 2016 இல் ட்ரெக். அவ்வருடம் உலகக் கிண்ணப் பந்தயங்கள் ஏழையும், அதன்மேல் உலக சம்பியன் பந்தயத்தையும், ஒன்றும் விடாமல் வென்றார். 2018 இலும் ட்ரெக் வண்டியில் உலக சம்பியனானார். அந்த உச்சியில் இருந்தபோதுதான் அந்தக் குடும்பம் அக்கம்பனியை விட்டு, 2019 தை மாதத்தில் தங்கள் பெயரிலேயே ஒரு சைக்கிள் கம்பனியைத் தொடங்கியது. கார்பன் குழாய்களை, அச்சிடுவதுபோல் படைபடையாக உருவாக்கிய தைற்றேனியம் மூட்டுகளால் இணைத்துச் செய்யும் வண்டி. பிறருடைய வண்டியில் ஏறிச் சம்பாதித்தவர்கள் பிறருக்கு வண்டி செய்யப் புறப்பட்டார்கள்.

அந்த வருடமே யூலை மாதத்தில் பிரான்ஸில் நடந்த பந்தயமொன்றின்போது ரேச்சலின் குதிகால் நரம்பு அறுந்தது. பின்பு 2021 இல் தாயானார். நான்கு வருடமளவில் உலகக் கிண்ண வெற்றி எதுவும் இல்லை. இப்பொழுது, 35 வயதில், அந்த மலையுச்சியிலிருந்து தம் வீட்டுப் பெயர் பொறித்த வண்டியில் இறங்கி வந்தார்.

அவர் எம்மைக் கடந்த வேகத்தைப்பற்றி எழுதச் சொற்கள் இல்லை. கண்டது ஒரு செக்கனுக்கும் குறைவு. ஆனால் முடிவிடத்தில் அவருடைய நேரம் அறிவிக்கப்பட்டபோது மணிகளின் ஓசை மலையில் எதிரொலித்தது. பின் வந்தவர்களில் எவராலும் அந்த நேரத்தைக் குறைக்க முடியவில்லை. அது அவருடைய 40 ஆவது உலகக் கிண்ண வெற்றி. அருகில் நின்ற சுவிற்சர்லாந்துப் பெண்மணி ஒருவர், முன்பின் தெரியாத எமது தோளைத் தட்டி ஏதோ சொன்னார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "அவருக்கும் சிறு பிள்ளை இருக்கிறதாம்" என்று பேரன் மொழிபெயர்த்தான்.

ஆண்களின் பந்தயத்தில் வென்றவரோ முன்வருடம்வரை இளையோர் பிரிவில் ஓடிய ஜோர்டன் வில்லியம்ஸ். சரசன் கம்பனி வண்டியில் இருந்தவர் அந்த வருடந்தான் ஸ்பெஷலைஸ்டுக்கு மாறியிருந்தார். பெரியோர் பிரிவில் முதல் உலகக் கிண்ணப் பந்தயம்; புதிய வண்டியிலும் முதல் உலகக் கிண்ணப் பந்தயம். வென்றுவிட்டார். வயது முதிர்ந்த தாய் ஒருவரும் மீசை முளைக்கும் இளைஞர் ஒருவரும் ஒரே நாளில் புதிய வண்டிகளில் வென்றதைக் கண்டபின், எமது பழைய அபிப்பிராயம் சிறிது ஆட்டங் கண்டது என்று ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

முழுவதும் ஆட்டியது, பந்தயம் முடிந்தபின் குழுக்களின் கூடாரங்களுக்கிடையே நடந்தபோது பேரன் போகிறபோக்கில் சொன்ன ஒன்று. ஒவ்வொரு கூடாரத்திலும் பொறிவினைஞர் ஒருவர் சேறு கழுவிக்கொண்டிருந்தார். வீரரின் உயிர் அவருடைய திருகாணி முறுக்கில் இருக்கிறது. "கம்பனி மாறும்போது பலபேர் தங்கள் பொறிவினைஞரையும் கூட்டிக்கொண்டு போவார்கள், அம்மப்பா. லொயிக் புரூனி 2016 இல் லப்பியேரை விட்டு ஸ்பெஷலைஸ்டுக்குப் போனபோது குழுத்தலைவரும் சேர்ந்தே போனார். வண்டியைத்தான் விடுவார்கள்."

நாம் அந்த இடத்திலேயே சற்று நின்றுவிட்டோம். 1983 இல் எமக்குச் சோறு போட்டவர் ஒரு மனிதர். அந்த மனிதர் காலமான பின்னரும், அவருடைய கடையின் பெயர்ப்பலகைக்கு நாம் வருடக்கணக்காகக் கடன் செலுத்திக்கொண்டிருந்தோம். பெயர்ப்பலகைக்கு அது தெரியாது. அந்தப் பெரியவர் உயிரோடிருந்த நாள்களில் ஒருமுறையேனும், "ஐயா, வேறிடத்தில் கூப்பிடுகிறார்கள், என்ன செய்யட்டும்?" என்று அவரிடம் கேட்டிருக்கலாம். "போ" என்றே சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்காமலே கடிதத்தைக் கிழித்தோம். அவரைப் பெரியவராக்க அல்ல, எம்மைப் பெரியவராக்கிக்கொள்ள.

அன்றிரவு மருமகன் வேலை முடிந்து வரும்போது பதினொன்றரை மணி. வெங்காய வாசனையும் களைப்புமாக உள்ளே வந்தவர், "மாமா, இன்னும் படுக்கவில்லையா?" என்றார். உட்காரச் சொன்னோம். பெயர் கேட்கப்பட்ட கதையை, முதன்முதலாக, கடைசிவரை சொன்னோம். மகள் அறை வாசலில் நின்று கேட்டதை நாம் கவனிக்கவில்லை.

மருமகன் வெகுநேரம் பேசவில்லை. "அந்த மனிதனுக்கு எந்த முகத்தோடு சொல்வது, மாமா?" என்றார் பிறகு.

"தம்பி, நீங்கள் கடமைப்பட்டது கடைக்கா, அவருக்கா?"

"அவருக்குத்தான்."

"அப்படியென்றால் அவரிடமே கேளுங்கள். நாம் கேட்கவில்லை."

போ என்றோ இரு என்றோ நாம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, குசினி மூடியபின், அவர் பெரியவரோடு பேசியிருக்கிறார். பெரியவர் மேசையை ஒருமுறை துடைத்தாராம். பிறகு இன்னொருமுறை துடைத்தாராம். "எப்பொழுது?" என்று கேட்டாராம். மூன்று மாத அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த மூன்று மாதத்தில் புதிதாக வரும் பையனுக்கு மான் இறைச்சிக் குழம்பை மாத்திரம் சரியாகப் பழக்கிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டாராம். கோபித்திருந்தால் எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும் என்று மருமகன் எம்மிடம் சொன்னார். அந்த மூன்று மாதமும் அவர் சரியாக உறங்கவில்லை என்று மகள் பின்னர் எழுதினாள்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது. அங்கே எல்லாவற்றையும் நிறுத்து அளந்து, உப்பைக் குறைத்துச் சமைக்கவேண்டும். பெருஞ்சட்டியும் கைக்கணக்குமாகப் பழகியவருக்கு முதல் மாதம் நரகமாயிருந்ததாம். கார்த்திகையில் பேரனுடைய பாடசாலை விழாவுக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, நடுவிலே நித்திரையாகிவிட்டாராம். நத்தார் வாரத்தில் பழைய உணவகத்தில் ஆள் போதவில்லை என்று அறிந்து, இரண்டு மாலை போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

2024 தை மாதத்தில் பேரனிடமிருந்து எமது கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. மினார், 42 வயதில், 16 வருடத்துக்குப் பின் சாந்தா குரூஸை விட்டு, நோர்கோ என்ற கனடாக் கம்பனியில் சேர்ந்துவிட்டார். புதிய நிறத்தில் உடுத்தி, புதிய வண்டியோடு நின்றார். "அம்மப்பா, உங்கள் ஆளும் போய்விட்டார்" என்று கீழே எழுதியிருந்தான்.

எமக்குச் சுருக்கென்றது என்பதை மறைப்பதற்கில்லை. உடனே பதில் எழுதாமல், முற்றத்தில் இரண்டு முறை நடந்துவிட்டு வந்து, தலைமாட்டிலுள்ள பழைய படத்தை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டோம். அது அங்கேயே இருக்கட்டும், புதியதைப் பக்கத்தில் ஒட்டுகிறேன் என்றான். ஒட்டியபின் சுவரையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் பார்த்தோம். எந்த வண்டி எந்தக் கம்பனியுடையது என்பது இன்றைக்கும் எமக்குப் பிடிபடவில்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்த ஆளை மாத்திரம் உடனே தெரிந்தது.